படையிலிருந்து திரும்பியவரைத் தனியாக மலைக்கு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி, 14 நவம்பர் 2024

என் கணவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தார். கடைசி சில ஆண்டுகள் சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆனி மாதம் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் விழித்து உட்கார்ந்திருக்கிறார். தீபாவளியன்று குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டவர், பிள்ளைகள் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறார். வண்டன்மேட்டில் என் சின்ன மாமனாருக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. "மலைக்காற்று பட்டால் சரியாகிவிடும், இரண்டு மாதம் தனியாக விடு" என்கிறார் மாமனார். அனுப்பலாமா? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

14 நவம்பர் 2024, இரவு

தனியாக அனுப்பாதீர்கள், தங்கச்சி. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

15 நவம்பர் 2024

நான் ராணுவத்தில் இருந்தவன். குப்வாராப் பக்கம் தேவதாருக் காடுகளில் ரோந்து. ஓய்வு பெற்றுக் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர் வந்த புதிதில் என்னையும் இப்படித்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதற்கு மேலே மரநிழல். பத்தடி தள்ளி யார் நிற்கிறார் என்று தெரியாது. காய் பறிக்கும் பெண்கள் குனிந்திருந்தால் பேச்சுக் குரல் மட்டும் வரும், ஆள் கண்ணில் படாது. வெயிலில் வாடியவருக்கு அந்த இடம் சொர்க்கம். பதுங்கியிருந்து சுடப்பட்டவருக்கு அப்படியல்ல. என் உடம்பு அங்கே ஓய்வெடுக்கவில்லை, பணிக்குத் திரும்பிவிட்டது. எந்த மரத்துக்குப் பின்னால் மறைவு இருக்கிறது, எந்தச் சரிவு வழியாக ஓடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரி தகரக் கூரைமேல் மரக்கிளை உரசினால் கை தானாகத் துப்பாக்கியைத் தேடும்.

பஸ்தரில் இருந்தவருக்கு இதற்கு மேல் ஒன்று உண்டு. அங்கே மாவோயிஸ்டுகள் கண்ணிவெடியைப் புதைத்தது நடந்து தேய்ந்த பாதையில்தான். ஆகவே பாதையைவிட்டு விலகி நடக்கும் பழக்கம் அவர்களுக்கு ஊறிப்போயிருக்கும். உங்கள் கணவர் மண்பாதையில் எப்படி நடக்கிறார் என்று ஒருநாள் கவனித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தோட்டத்து அறையில் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தூக்கமில்லாத மனிதரை அதன் பக்கத்தில் தனியாக விடக்கூடாது. இதை உங்கள் மாமனாரிடம் நேராகவே சொல்லுங்கள், நாசூக்கு வேண்டாம்.

வாசகர், 17 நவம்பர் 2024

கவனித்தேன் அண்ணா. தார்ச்சாலையில் சரியாக நடக்கிறார். வாய்க்கால் பக்கம் மண்பாதை வந்ததும் ஓரத்துப் புல்லில் இறங்கிவிடுகிறார். இத்தனை நாளும் அவர் செருப்பின் அடியில் நெருஞ்சி முள் அப்பியிருப்பதைப் பார்த்து, எங்கே சுற்றிவிட்டு வருகிறாரோ என்று திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

17 நவம்பர் 2024

அழுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த முள்ளைப் பற்றி அவரிடம் இப்போது பேச வேண்டாம்.

18 நவம்பர் 2024

முதலில் மருத்துவம், பிறகுதான் மலை. இந்த வரிசை மாறக்கூடாது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, பி.டி.எஸ்.டி., பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இடம்பெற்றது. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது என எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பைத்தியம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு பேச்சை நிறுத்துங்கள்.

இதற்குப் பலன் தருவதாக நன்றாக நிறுவப்பட்ட சிகிச்சை பேச்சு வழியிலானது. பயிற்சி பெற்றவர் முன்னிலையில், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, தவிர்த்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. செர்ட்ரலின் முதலான மாத்திரைகளும் உதவும். எனக்கு முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். மாதக்கணக்கில் அதை விழுங்கினேன். தூங்கினேன், ஆனால் விழித்திருந்த நேரத்தில் ஒன்றும் மாறவில்லை. பென்சோடயசெபைன் என்ற அந்த வகைத் தூக்க மாத்திரையை இந்த நோய்க்குக் கொடுப்பதை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சிகிச்சை வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. யாராவது கஞ்சா அடித்தால் தூக்கம் வரும் என்பார்கள். அதையும் அதே வழிகாட்டுதல் மறுக்கிறது. கேன்டீன் ரம் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்களில் எத்தனை வீடுகள் அதில் போயின என்று உங்களுக்கே தெரியும்.

2003இல் வந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தில் ரிசர்வ் போலீஸ் படையினர் சேரமாட்டார்கள். ஒரே குண்டு, ஒரே காடு, ஆனால் ஊருக்குத் திரும்பினால் வேறு வேறு வரிசை. எனக்கு இது ஆறாத கோபம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்களே 14416க்குத் தொலைபேசியில் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் அது. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

1 டிசம்பர் 2024

"மருத்துவரைப் பார்த்தாயிற்று, இப்போது எங்கே நடக்கலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டாம் கால்வாய்க் கரை. லோயர் கேம்ப்பில் பிரிந்து கூடலூர், கம்பம், தேவாரம் வழியாகப் போடிப் பக்கம் போகிறதே, அதேதான். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒரு பக்கம் தென்னை, திராட்சைப் பந்தல், மறுபக்கம் மலை. யார் வந்தாலும் வெகு தூரத்திலேயே தெரியும். மலையைப் பார்க்கலாம், மலைக்குள் போக வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு அது போதும்.

விடியும் முன்பு வேண்டாம். கம்பம்மெட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அந்த நேரத்தில் பறக்கும், ஹாரன் காதைப் பிளக்கும். வெயில் ஏறிய பிறகு போங்கள். ஒரே இடம், ஒரே நேரம், உடன் வருவதும் ஒரே ஆளாக இருக்கட்டும். அந்த ஆள் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, சும்மா இருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்கக்கூடாது. டீக்கடையில் சுவரோடு முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்து உட்கார விரும்புவார், அந்த இடத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். பின்னாலிருந்து வந்து தோளைத் தொடக்கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். பழைய சிப்பாய் ஒருவர் கூடவே நடக்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

15 டிசம்பர் 2024

போடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: மருந்தெல்லாம் எதற்கு, அமெரிக்காவில் போர்வீரர்கள் காட்டில் நடந்தே குணமாகிறார்களாமே என்று.

தம்பி, அந்தக் கதையை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன், அதனால் முழுதாகச் சொல்கிறேன். ஏர்ல் ஷாஃபர் என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணி. ஊரில் கூடவே மலையேறிய நண்பன் ஐவோ ஜிமாவில் இறந்துபோனான். திரும்பி வந்தவர் 1948இல் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தெற்கிலிருந்து வடக்காக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். உள்ளே கிடக்கும் போரை நடந்தே வெளியேற்றப் போகிறேன் என்று கிளம்பியவர் அவர். அதே பாதையை 2012இல் நடந்த ஷான் கோபின் என்ற அமெரிக்க மரீன் படைவீரர், மற்றப் படைவீரர்களும் இப்படி நடக்க ஓர் அமைப்பே தொடங்கினார்.

ஆற்றில் படகு விட்டதை வைத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றும் உண்டு. படகில் போன முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் மன உளைச்சல் குறைந்திருந்தது, அதில் இயற்கையைக் கண்டு மலைத்துப்போன உணர்வுக்குப் பெரிய பங்கு இருந்தது என்றார்கள். நம்புகிறேன். மேகமலை விளிம்பில் நின்று கீழே கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவன் நம்பாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு வாரம் என்பது ஒரு வாரம்தான். படகில் போகாத குழு ஒன்றை வைத்து ஒப்பிட்டும் பார்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு மாத்திரையைக் குப்பையில் போடு என்று இன்னொருவர் வீட்டு ஆளிடம் சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கும் வரக்கூடாது.

13 ஜனவரி 2025

பதினைந்தாம் தேதி பென்னிகுவிக் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபம், கூடலூர் எல்லாம் மேளமும் வெடியுமாக இருக்கும். முல்லைப் பெரியாறு தந்த மனிதருக்கு ஊர் செய்யும் மரியாதை, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வெடிப்பார்கள் என்று விழாக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டு மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த வெடி பாதி வெடிதான். எதிர்பாராததுதான் ஆளைக் கொல்லும்.

9 பிப்ரவரி 2025

கால்வாய்க்கரை பழகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்டீர்கள். மலையடிவாரம். இதில் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்தில் இரவு அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். யானை வந்தாலும் பன்றி வந்தாலும் தோட்டக்காரர்கள் வெடிதான் போடுவார்கள். ஆகவே பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள்.

எனக்குக் காட்டைப் பழக்கியவர் குமுளிக்காரர். முன்பு தேக்கடிக் காட்டில் வயனா என்ற காட்டு இலவங்கப்பட்டையை உரித்துக் கடத்திய கூட்டத்தில் இருந்தவர். 1990களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை அவர்களோடு பேசி, கடத்தலைக் கைவிட வைத்து, அந்தக் காட்டையே சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளாக ஆக்கியது. ராத்திரியெல்லாம் வனக்காவலருக்குப் பயந்து இலைச் சத்தத்துக்கு நடுங்கிக் கிடந்த மனிதர் அவர். என் நடுக்கத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரன் யார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இருவாச்சி பறந்தால் சிறகுச் சத்தம் வெகு தூரம் கேட்கும். முதல்முறை கேட்டபோது நான் தரையோடு படுத்துவிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அதோ, அந்த அத்திமரம், பழம் தின்ன வந்திருக்கிறது" என்று விரலை நீட்டினார். இரண்டு பேரும் படுத்தபடியே பார்த்தோம். மஞ்சள் அலகும் கறுப்பு வெள்ளை வாலுமாகக் கிளையில் தத்தித் தத்தி, ஒவ்வொரு பழமாகப் பிடுங்கி மேலே எறிந்து வாயில் வாங்கியது. எழுந்து சட்டையைத் தட்டியபோது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு கழுத்து நரம்பு தளர்ந்திருந்ததை உணர்ந்தேன். மிளா கத்தினால் என்ன, கேளையாடு குரைத்தால் என்ன, மலையணில் விடாமல் கத்தினால் கீழே எதைப் பார்த்துக் கத்துகிறது என்றெல்லாம் அவரிடம் கற்றேன். சொந்தக்காரன் தெரிந்துவிட்ட சத்தம் அதன்பிறகு என்னை அடிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். நம் பக்கத்திலேயே பளியர்கள் இருக்கிறார்கள், அவர்களைவிடக் காடு அறிந்தவர் யார்? கூலியை முறையாகக் கொடுங்கள்.

10 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். காப்புக்காட்டுக்குள் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது என்பதையும் சேர்க்க வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்தச் சரிவில் உடல்களைத் தூக்கிவந்த தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் ஊர்க்காரர்களையும் யார் உட்கார வைத்துப் பேசினார்கள்? சீருடைக் காயம் என்றால் எல்லையில் பட்டது மட்டும்தானா?

இப்போது வனத்துறையே நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவுசெய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறது. 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். தீ பிடிக்கும் கோடைக்காலத்தில் மூடிவிடுவார்கள். முறையாகப் போங்கள்.

9 மே 2025

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், தங்கச்சி. ஏழாம் தேதி பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியதிலிருந்து நானும் தூங்கவில்லை. செய்தி வாசிப்பவர்கள் சைரன் சத்தத்தைப் பின்னணியாக ஓடவிட்டுக்கொண்டு கத்துகிறார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அந்தச் சத்தத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பும் இல்லை. தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்றால் காலையில் ஒருமுறை செய்தித்தாள். மாப்பிள்ளை பழைய தோழர்களோடு பேசட்டும், அதைத் தடுக்க வேண்டாம்.

திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. கண்ணகி கோயிலுக்கு நடந்து போவோமா என்று அவரே கேட்டிருக்கிறார் என்றீர்களே, நான் தயார்.

13 மே 2025

போய்விட்டு வந்தோம்.

வெளியூர் வாசகர்களுக்கு: மங்கலதேவி கண்ணகி கோயில் தமிழக, கேரள எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வருடத்தில் இந்த ஒருநாள்தான் அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நம் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல் காட்டுவழி ஏற்றம். நடந்து போனோம்.

தொடக்கத்தில் வழக்கம்போல் அவர் ஓரத்தில்தான் நடந்தார். வழி குறுகிய இடத்தில் ஓரமே இல்லை. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் புதர். நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். பாட்டி ஒருத்தி வெறுங்காலோடு போனாள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், பானகக் குடத்தோடு இரண்டு இளவட்டங்கள். அவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்கள் மிதிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அந்தப் பாட்டி போன தடத்தில் காலை வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. மேலே புல்வெளி வந்து காற்று அடித்ததும், "அண்ணே, தண்ணீர் இருக்கிறதா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இதைச் சிகிச்சையாளர்கள் முறையாகவே செய்வார்கள். கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதல்நாளே நடுவில் தள்ளிவிடாமல் படிக்கட்டில் இறக்குகிறோம் அல்லவா, அப்படிப் பயத்தைப் படிப்படியாகத் தொடவைத்து, அது தணியும்வரை அங்கேயே நிற்கவைப்பது. க.விலக்கில் அவர்கள் மாதக்கணக்காகச் செய்த வேலை அன்றைக்குப் பளியன்குடி ஏற்றத்தில் காலுக்கு வந்தது. மலை மட்டும் செய்ததல்ல, மருத்துவமனை மட்டும் செய்ததும் அல்ல.

வாசகர், 15 மே 2025

அண்ணா, மலையிலிருந்து வந்த இரவு நன்றாகத் தூங்கினார். மறுநாள் மறுபடி விழித்தே இருந்தார். எல்லாம் வீண்தானா?

15 மே 2025

வீணில்லை. எனக்கு இன்றைக்கும் அப்படி இரவுகள் உண்டு. முன்பு விழித்தால் எழுந்து ஒவ்வொரு தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்ப்பேன். இப்போது விழித்தால் படுத்தபடியே இருக்கிறேன், என் மனைவிக்குத் தூக்கம் கெடுவதில்லை. இந்த மாற்றத்தைச் சின்னது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

8 ஜூன் 2025

தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டது. குமுளிப் பக்கம் அட்டை ஏறும், வழுக்கும், மரம் முறியும். இந்த மாதங்களில் மலை வேண்டாம்.

நடையைச் சேமித்து வைக்க முடியாது. 2023இல் அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள் வந்ததே, மே 27இலிருந்து ஜூன் 5இல் பிடிபடும்வரை நாங்கள் யாரும் வெளியே கால் வைக்கவில்லை. ஊரடங்கு உத்தரவு வேறு. அந்த நாட்களில் என் பழைய உஷார் அத்தனையும் திரும்பி வந்து நின்றது. அதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணைக் கொத்தி வெண்டையும் அவரையும் போடத் தொடங்கினேன். வெளியே போக முடியாத நாளில் கைக்கு மண் வேண்டும், பார்க்கப் பச்சை வேண்டும். மாப்பிள்ளைக்கும் இரண்டு பாத்தி ஒதுக்குங்கள். அவரை விதை நான் தருகிறேன். மழை விட்ட நாளில் கால்வாய்க்கரை இருக்கவே இருக்கிறது.

கடைசியாகக் கேட்டீர்கள், நன்றாக இருக்கிறாரே, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று. கூடாது. நன்றாக இருப்பது மாத்திரையாலும்தான். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும், நோய் திரும்பிவிட்டதென்று நீங்களும் பயந்துபோவீர்கள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அடுத்தமுறை க.விலக்குக்குப் போகும்போது நீங்களும் கூடவே போய், அவர் வாயால் கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.